ஷெஃபீல்டின் இயந்திரங்களும் பழகாத குரல்களும்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் சின்தசைசரால் செய்த பாப் இசை அந்தக் கருவிகளோடு சேர்ந்தே பழசாகிவிடும் என்றும், ஹியூமன் லீக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘டேர்’ ஆல்பத்தை இன்றும் கேட்பவர்கள் தங்கள் இளமைக் காலத்தை எண்ணித்தான் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். 1981 அக்டோபரில் வெளிவந்த அந்த ஆல்பத்தை, அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்களும் விரும்பிக் கேட்கிறார்கள்; எண்ணி ஏங்குவதற்கு அவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. ஆகவே காரணத்தை அந்தப் பத்துப் பாடல்களுக்குள்தான் தேட வேண்டும்.

1980இன் இறுதியில் அந்தக் குழு கலைந்துபோகும் நிலையில் இருந்தது. இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் குழுவைத் தொடங்கிய மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் விலகி, விரைவில் ஹெவன் 17 என்ற புதுக் குழுவை அமைத்தார்கள். எஞ்சியவர்கள், பாடகர் ஃபிலிப் ஓக்கியும் மேடையில் ஸ்லைடு படங்களைக் காட்டும் பொறுப்பில் இருந்த ஏட்ரியன் ரைட்டும் மட்டுமே. ஐரோப்பிய நாடுகளில் நிகழ்ச்சிகள் முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்ததால், ஓக்கி தம் ஊரின் ‘கிரேஸி டெய்சி’ நடன விடுதியில் ஆடிக்கொண்டிருந்த சூசன் சல்லி, ஜோஆன் கேதரால் என்ற இரண்டு பள்ளி மாணவியரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். இசைப் பயிற்சி இல்லாத அந்த இருவரும் அன்று பதினேழு, பதினெட்டு வயதினர். பிறகு இயன் பர்டன் வந்தார்; பங்க் என்ற முரட்டு ராக் இசையை வாசிக்கும் குழுவொன்றில் கிட்டார் வாசித்திருந்த ஜோ காலிஸ் அதை இறக்கி வைத்துவிட்டுச் சின்தசைசரைக் கற்றுக்கொண்டார்.

இவர்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட். பஸ்காக்ஸ், ஸ்ட்ராங்க்ளர்ஸ் போன்ற கிட்டார் குழுக்களின் ஆல்பங்களைச் செய்தவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் இந்த ஆல்பத்தின் துணிவு நன்றாகப் புலப்படும். பெர்க்‌ஷையரில் இருந்த அவருடைய ஜெனடிக் ஸ்டுடியோவில், உண்மையான டிரம்ஸின் ஒலிகளைச் சிப்புகளில் பதிந்து வைத்திருந்த லின் எல்எம்-1 இயந்திரம் தாளத்துக்குப் பொறுப்பேற்றது. சின்தசைசர்களைத் தானாக வாசிக்க வைக்கும், ரோலண்ட் நிறுவனத்தின் எம்சி-8 என்ற கருவியிலோ, சுரத்தின் உயரம், நீளம், அடுத்த சுரத்துக்கான இடைவெளி ஆகியவற்றை எண்களாக ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்ற வேண்டும். இவ்வளவு உழைப்பைக் கேட்கும் கருவியை வைத்துக்கொண்டு யாரும் வேண்டாத சுரத்தைச் சேர்க்க மாட்டார்கள். அதனால்தான் ‘லவ் ஆக்‌ஷன்’ பாடலில் ஒவ்வோர் ஒலிக்கும் நடுவே அத்தனை வெற்றிடம் இருக்கிறது. எந்த ஒலியும் இன்னொன்றை மறைப்பதில்லை. அந்த லின் இயந்திரத்தில் டிரம்ஸில் ஓங்கி அடிக்கும் உலோகத் தட்டான கிராஷ் சிம்பலின் ஒலிகூடக் கிடையாது என்பதையும் கவனி.

அந்த வெற்றிடத்தில்தான் குரல்கள் நிற்கின்றன. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே இதைச் சொல்லத்தான். ஓக்கியின் கனத்த குரல் பெரிதாக ஏற்ற இறக்கம் காட்டாது. சல்லியும் கேதராலும் தோழியருடன் பேருந்தில் சேர்ந்து பாடும் பெண்களைப்போல, கமகமோ குழைவோ இன்றி நேராகப் பாடுகிறார்கள். தேர்ந்த வாத்தியக்காரர்கள் பின்னணியில் வாசித்திருந்தால் இந்தக் குரல்களின் போதாமை உடனே வெளிப்பட்டிருக்கும். இம்மியும் பிசகாத இயந்திரத் தாளத்துக்கு மேலே அதே குரல்கள் வரும்போது, அந்த ஒலிப்பரப்பில் உயிருள்ளவை அவை மட்டும்தான் என்று நம் செவி உணர்ந்து அவற்றையே பற்றிக்கொள்கிறது. முதல் பாடலில் ஐஸ்கிரீம், பயணம், நண்பர்கள் என எளிய ஆசைகளை அடுக்கிக்கொண்டே வந்து, நகைச்சுவை நடிகர் நார்மன் விஸ்டத்தையும் அமெரிக்க ராக் குழுவான ரமோன்ஸைச் சேர்ந்தவர்களின் பெயர்களையும் ஓக்கி அதே தொனியில் சேர்க்கிறார். பயிற்சி பெற்ற பாடகர் ஒருவர் பாடியிருந்தால் அந்தப் பட்டியல் நமக்குப் பாசாங்காகப் பட்டிருக்கும்.

கடைசிப் பாடலான ‘டோன்ட் யூ வான்ட் மீ’ இதற்கு மிகச் சிறந்த சான்று. தன்னால்தான் அவள் உயர்ந்தாள் என்று ஓர் ஆண் முதல் சரணத்தில் உரிமை கொண்டாடுகிறான், மிரட்டவும் செய்கிறான்; இரண்டாம் சரணத்தில் அவள், அவன் இல்லாவிட்டாலும் தான் நல்ல இடத்துக்கு வந்திருப்பேன் என்கிறாள். சல்லி அதை அழுத்தமோ கண்ணீரோ இன்றிச் சொல்லிவிட்டுப் போவதால்தான், அவள் முடிவெடுத்து வெகு நாளாகிவிட்டது என்பது நமக்குப் புரிகிறது. ஓக்கிக்கு இந்தப் பாடல் பிடிக்கவில்லை; அதனால்தான் அது ஆல்பத்தின் இறுதிக்குத் தள்ளப்பட்டது. ஆல்பத்தை வெளியிட்ட வர்ஜின் நிறுவனம் அவருடைய மறுப்பை மீறி அதைத் தனி இசைத்தட்டாக வெளியிட, 1981 கிறிஸ்துமஸ் வாரத்தில் அது பிரிட்டனின் முதலிடத்தில் இருந்தது. மறு ஆண்டு அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று நான் வாதிட மாட்டேன். ‘டூ ஆர் டை’ எனக்கு நீளமாகவே தோன்றுகிறது. ஆனால் அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையைப் பற்றிய ‘செகண்ட்ஸ்’ பாடலைத் துள்ளல் இசை என்று நீ ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. அதில் எங்கும் துள்ளல் இல்லை. ஒரு சில நொடிகளில் நடந்து முடிந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திகைப்புதான் இருக்கிறது.

நீயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்த ஆல்பத்தின் பாடல்களிலிருந்து பெரும்பாலான குரல்களை நீக்கி, டேப்பை வெட்டி ஒட்டி, 1982இல் ரஷன்ட் ‘லவ் அண்ட் டான்சிங்’ என்ற ரீமிக்ஸ் ஆல்பத்தைச் செய்தார். அது அற்புதமான வேலை. இயந்திரங்களின் அழகு முழுவதும் அதில் இருக்கிறது. அதை முதலில் கேள், பிறகு அன்றைக்கே ‘டேர்’ ஆல்பத்தைக் கேள். சல்லியின் சரணம் வரும் இடத்தில் உனக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்