கால்பந்துக் கழகத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் தின்றது, நம் கழகம் தொடங்கிய நாள் எது என்ற கேள்விதான். ஆண்டு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் அது கிளம்பியது. முதல் ஆட்டம் ஆடிய நாள்தான் என்றார்கள் மூத்த ஆட்டக்காரர்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கும் தேதியைப் போடுங்கள் என்றார் பொருளாளர். கடைசியில் பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்தோம். விதிகளையும் சந்தாவையும் எழுதி, வந்திருந்தவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்ட பக்கம் அதில் இருக்கிறது. மை மங்கியிருந்தாலும் தேதியைப் படிக்க முடிகிறது. அந்த நாளே நிலைத்தது. பந்து உதைக்க யார் வேண்டுமானாலும் சேரலாம்; விதியும் கணக்கும் எழுதி வைத்த பிறகுதான் அது கழகம் என்பது என் கட்சி.

உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகமாகக் கருதப்படும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கழகம் 1857இல் தொடங்கியபோது, எதிர்த்து ஆட ஆள் கிடைக்காமல் திருமணமானவர்கள் ஓர் அணி, ஆகாதவர்கள் ஓர் அணி என்று தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடினார்கள். 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் அமைந்தபோதும் பொது விதிகளை முடிவு செய்ய ஆறு கூட்டங்கள் தேவைப்பட்டன. எதிராளியின் காலில் உதைப்பதைத் தடை செய்ததை ஏற்காமல் பிளாக்ஹீத் கழகம் விலகியே போய்விட்டது. நம் செயற்குழுவில் அந்த அளவுக்குப் போகவில்லை.

ஆண்டு விழா ஆட்டத்தையும் ஷெஃபீல்டு முறையிலேயே வைத்தோம். ஆகாதவர்கள் ஓடித் தீர்த்தார்கள்; ஜெயித்தது திருமணமானவர்கள். நம் பழைய கோல்கீப்பர் ஒருவர், தன் அணிக்காரர் காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கையால் பிடித்துவிட்டார். 1992இலிருந்து அது கூடாது என்று நடுவர் சொல்ல, "நான் அதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டேனே" என்று வாதாடிப் பார்த்தார். நடுவர் மசியவில்லை. எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக்தான், அதாவது நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை.

அப்புறம், கோல் கம்பம். பயிற்சிக்கு வைத்திருக்கும், நகர்த்தக்கூடிய கம்பம் ஒன்று பலத்த காற்றில் முன்பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் பிழைத்தோம். கம்பத்தைத் தரையோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும் என்று ஆட்ட விதியே சொல்கிறது. இப்போது பின்சட்டத்தின் மேல் மணல் மூட்டைகளை ஏற்றி, தரையில் முளையடித்துக் கட்டுகிறோம். குறுக்குக் கம்பியில் தொங்கும் பிள்ளைகளைப் பெற்றோர்களும் கண்டிக்க வேண்டும். பயிற்சியாளர் ஒருவர் கத்தி மாளாது.

சிறுவர் பிரிவுக்கு, அளவில் சிறிய 4ஆம் எண் பந்துகள் வாங்கியிருக்கிறோம். பெரியவர்களின் 5ஆம் எண் பந்தை அவர்கள் இனி தொட வேண்டாம். லீக் ஆட்டங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நடுவரிசையில் முடித்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேர்தல் தொடங்குவதற்குள் கட்டிவிட்டால்தான் வாக்களிக்க முடியும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்