பழைய கார்களின் ஹெட் இறுக்கும் கராஜ் அண்ணைமாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் இன்னும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடுகின்றன என்றால் அது உங்கள் கைவேலையால்தான். பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலேயே அவற்றை ஓட வைத்தவர்கள் நீங்கள். அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன், கோபிக்காதீங்கோ: நட்டை வைத்த அளவுக்கு இறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் உங்கள் டோர்க் ரெஞ்சைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?

948 சிசி மைனரின் ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) நட்டுக்கு 40 இறாத்தல்-அடி, அதாவது 54 நியூட்டன் மீற்றர். லொறி சில்லு நட்டுக்கென்று வாங்கிய 340 நியூட்டன் மீற்றர் ரெஞ்சையே இதற்கும் எடுத்தால் சரிவராது. எந்த ரெஞ்சையும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பக்கூடாது. 340க்கு அது 68, நமக்கு வேண்டியதோ 54. கிளிக் சத்தம் வரும்தான், ஆனால் எத்தனையில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற கஸ்கெட் ஊதும், கூடினால் ஹெட்டைப் பிடிக்கிற அறுபது வருடப் பழைய ஸ்டட் (மரையாணி), எஞ்சின் பிளாக்கின் மரையையும் பிடுங்கிக்கொண்டு வரும், அப்புறம் அந்த பிளாக்குக்கு எங்கே போவது?

வேலை முடிந்ததும் ரெஞ்சை ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கோ, இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிடும். டோர்க் ரெஞ்சுகளுக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 6789, 5000 தடவை இறுக்கிய பிறகு, அல்லது வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறது.

சும்மா ஒரு சோதனை கராஜிலேயே செய்யலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கடிக்க வைத்து, கிடையாகப் பிடித்து, 54இல் வைத்து, முனையின் நடுவிலிருந்து சரியாக 50 சென்ரிமீற்றரில் ஒரு வாளியைக் கட்டி மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கோ. கிளிக் வந்ததும் ஊற்றுவதை விட்டு, தண்ணீரை வாளியோடு தராசில் நிறுத்துப் பாருங்கோ, கிட்டத்தட்ட 11 கிலோ இருக்க வேண்டும். ரெஞ்சின் சொந்தப் பாரமும் சேர்வதால் சற்றுக் குறைந்தால் பரவாயில்லை. 8 என்றோ 14 என்றோ வந்தால் அந்த ரெஞ்சை ஹெட் பக்கமே கொண்டுபோகாதீங்கோ.

ஆனால் வாளிக் கணக்கு கல்லிபரேஷன் (முறையான அளவுச் சரிபார்ப்பு) ஆகாது. நாலைந்து கராஜ் சேர்ந்து இறுக்கும் அளவை இலக்கத்தில் காட்டும் ஒரு டிஜிட்டல் டோர்க் அடாப்டர் வாங்கி, வருடா வருடம் கொழும்புக்கு அனுப்பிச் சான்றிதழ் எடுத்து, அதை வேலைக்குப் பாவிக்காமல் மற்ற ரெஞ்சுகளை ஒப்பிட மட்டும் வைத்திருக்கலாமே? பழைய கார் வைத்திருக்கிற நாங்களும் பங்குக்குக் காசு போடுவோம். யார் கராஜில் வைப்பது என்பதை மட்டும் நீங்கள் கூடிப் பேசிச் சொல்லுங்கோ.