ஜனவரி 5க்கு முன்னால் ஒரு பதில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நீங்கள் அனுப்பிய மெயிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஜனவரி 5 முதல் எல்லோரும் வாரம் ஐந்து நாளும் சென்னை சிறுசேரியில் இருக்கிற நம் ஐ.டி. அலுவலகத்துக்கு வர வேண்டும், அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே வந்து போவதைப் பதிகிற ஸ்வைப் கணக்கில் தினமும் ஒன்பது மணி நேரம் காட்ட வேண்டும், குறைந்தால் சம்பளத்தில் கூடிக் குறைகிற பகுதியான வேரியபிள் பேயில் கை வைப்போம் என்று சொல்லியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதினேன். அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப முடியாது என்று திரும்பி வந்தது. திங்கட்கிழமை எல்லா ஊழியர்களையும் கூட்டிய டவுன்ஹாலில் கேள்வியைப் பதிவு செய்தேன். நேரமில்லை என்று முடித்துவிட்டீர்கள். மேனேஜரிடம் பேசினேன். "எனக்குப் புரியுதுங்க, ஆனா என் கையில எதுவும் இல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அதே மெயில்தான் வந்திருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டுவிட்டு, வேறு வழி தெரியாமல்தான் ஊரறிய எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. படித்தால் உங்களுக்குத் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலையில் வேறு லோகோ போட்ட இதே மெயிலை வாங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் தெரியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்த டீம் எத்தனை நாள் வர வேண்டும் என்பதை அந்த டீமின் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் ஒப்புதலோடு ஊர் மாறிப் போனவர்களுக்கு இந்தப் படிப்பு வருடம் முடிகிற வரைக்குமாவது அவகாசம் கொடுங்கள்.

"உங்கள் ஒப்புதலோடு" என்பதை யோசித்துத்தான் எழுதினேன். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, கம்பெனி வேனில் கம்ப்யூட்டரை ஏற்றி வேளச்சேரியில் என் வாடகை வீட்டு வாசலில் இறக்கினீர்கள். சாப்பாட்டு மேசைமேல் வைத்து வேலை பார்த்தேன். அந்த இரண்டு வருடத்தில் எங்கள் டீம் கிளையன்ட் பதிவு செய்த ஒரு புகார் டிக்கெட்டைக்கூடக் கெடு தாண்ட விடவில்லை. டீமில் இரண்டு பேர் அப்பாவைப் பறிகொடுத்த 2021 மே மாதத்திலும் விடவில்லை. அந்த ஜூலையில் நீங்களே மெயில் அனுப்பினீர்கள். இனி எங்கிருந்தும் வேலை செய்யலாம், ஊர் மாற விரும்புகிறவர்கள் படிவம் நிரப்புங்கள் என்று. என் வீட்டுக்காரருக்கு அப்போது சென்னையில் வேலை போயிருந்தது. கும்பகோணத்தில் மாமனாரின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. படிவம் நிரப்பினேன். ஒன்பதாவது நாள் "அங்கீகரிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. அதன்பிறகுதான் வேளச்சேரி வீட்டைக் காலி செய்தோம், மகளைக் கும்பகோணத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம்.

அந்த மெயிலை இன்றும் வைத்திருக்கிறேன். இப்போது வந்த மெயிலின் கடைசி வரி, இதற்கு முன் கொடுத்த எல்லா அனுமதிகளும் ரத்து என்கிறது. ஒரே ஒரு வரி.

கொள்கை மாறுவது புதிதல்ல என்பீர்கள், தெரியும். 2025க்குள் நாலில் ஒரு பங்கு ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020ல் அறிவித்த டி.சி.எஸ். என்கிற பெரிய ஐ.டி. நிறுவனமே 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. பெரியவர்கள் போகிற வழியில் நீங்களும் போகிறீர்கள். ஆனால் அவர்கள் செய்கிறார்கள் என்பது எங்கள் டீமின் வேலையைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லாது.

போன வருடம் வாரத்துக்கு மூன்று நாள் என்றீர்கள். முணுமுணுக்காமல் வந்தேன். எப்படி வந்தேன் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன்.

ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறுவேன். அணைக்கரை, வடலூர், பண்ருட்டி என்று போகும். விக்கிரவாண்டி சாலையில் வருஷக்கணக்காக நடந்த வேலையில் எங்கே குலுக்கும், எங்கே பிரேக் போடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், ஏனென்றால் அந்த ஆறேழு மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டு விழித்துத்தான் இருக்கிறேன். நாலரை மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். பெண்கள் கழிப்பறையில் குழாய் வரிசைக்கு முன்னால் அந்த நேரத்தில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்றவர்கள்தான். கழுத்தில் டேக், முதுகில் லேப்டாப் பை, கையில் பிரஷ். தரை ஈரமாக இருக்கும், பையைக் கீழே வைக்க முடியாது. அதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் நிற்கிற பெண் முகம் கழுவும்போது அவள் பையை நான் வாங்கிக்கொள்வேன், நான் கழுவும்போது என் பையை அவள் வாங்கிக்கொள்வாள். அவள் பெரம்பலூர் பஸ்ஸில் வருகிறவள், வேறு கம்பெனி. கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு, "இந்த வாரம் சீட் கிடைச்சுதாக்கா?" என்று கேட்பாள். அவள் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. திங்கட்கிழமைகளில் நான் முதலில் பார்க்கிற முகம் அவளுடையது.

அவள் கேட்கிற சீட் பஸ் சீட் இல்லை, அலுவலகத்தில் உட்காருகிற சீட்.

2021ல் இரண்டு மாடியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். இப்போது இருக்கிற ஆட்களுக்கு நாற்காலி போதாது. முதல் நாள் மதியம் புக்கிங் ஆப் திறந்த பத்தே நிமிடத்தில் எங்கள் மாடி நிறைந்துவிடும். ஏழேகாலுக்கு வந்து ஸ்வைப் செய்துவிட்டு ஃபுட் கோர்ட்டில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்காருவேன். அங்கேதான் பிளக் பாயின்ட் இருக்கிறது. எங்கள் டீமில் பதினொரு பேர். ஆறு பேர் புனே, மூன்று பேர் டல்லாஸ். சிறுசேரியில் நானும் இன்னொருவரும், அவருக்கு நைட் ஷிஃப்ட். அதாவது 14 வருடமாக இங்கே வேலை பார்க்கிற நான், ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து, தட்டுக் கழுவும் சத்தத்துக்கு நடுவே ஹெட்செட் போட்டுக்கொண்டு, கும்பகோணத்தில் கதவு சாத்திய அறையிலிருந்து பேசியிருக்க வேண்டிய அதே ஆட்களோடு பேசுகிறேன். கிளையன்ட் தகவல் திரையில் இருக்கும்போது பொது இடத்தில் உட்காரக் கூடாது என்று வருடாவருடம் நீங்களே பயிற்சி கொடுத்துத் தேர்வு வைக்கிறீர்கள். நான் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். வாரம் மூன்று நாள் அந்த விதியை உங்கள் கட்டடத்துக்குள்ளேயே மீறிக்கொண்டிருக்கிறேன்.

நான் மீறிய நாட்களில் என் ஸ்வைப் கணக்கு பச்சையில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் சர்வர் விழுந்தபோது கும்பகோணத்திலிருந்து பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுப்பிவைத்த நாள் சிவப்பில் இருக்கிறது.

சரி, சாயங்காலத்துக்கு வருகிறேன். ஒன்பது மணி நேரம் முடித்து நான் தங்குகிற நாவலூர் பிஜி விடுதிக்குப் போனால் எட்டரைக்கு டல்லாஸ் கால். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பெண்ணுக்கு விடிகாலை ஷிஃப்ட், அதனால் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவேன். அந்த நேரத்துக்கு ஸ்வைப் கிடையாது. பகலில் வீட்டிலிருந்து வேலை செய்தால் நம்ப முடியாது என்கிற நீங்கள், ராத்திரியில் எங்கள் வீட்டையும் பிஜியையும் அலுவலகமாகத்தான் வைத்திருக்கிறீர்கள். வேலை நேரம் முடிந்தபின் வருகிற அழைப்பை எடுக்க மறுக்கும் உரிமையை ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டில் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டார்கள். அதைக்கூட நான் கேட்கவில்லை. ராத்திரி நம்புகிற அதே ஆளைப் பகலிலும் நம்புங்கள் என்கிறேன்.

மழை வந்தால் நம்புகிறீர்களே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மூழ்கியபோது எங்கள் புராஜெக்ட் ஒரு நாளும் நிற்கவில்லை, ஏனென்றால் நான் கும்பகோணத்தில் இருந்தேன். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்து, ஐ.டி. ஊழியர்களை நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லுங்கள் என்று தமிழக அரசு கேட்டபோது, ஒரு மணி நேரத்தில் மெயில் அனுப்பினீர்கள். அந்த நான்கு நாளும் வேலை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

அலுவலகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021லும் 2022லும் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், பக்கத்து நாற்காலியில் எட்டிப் பார்த்துக் கேட்க ஆளில்லாமல், ஒரு சின்ன சந்தேகத்துக்கு அரை நாள் தவித்தார்கள். புதியவர்களுக்கு முதல் வருடம் அலுவலகம் வேண்டும், கற்றுக்கொடுக்கிற சீனியர்களும் அங்கே இருக்க வேண்டும். அந்த மாதிரி டீம் கொடுத்தால் நானே வந்து உட்காருவேன். அதனால்தான் டீமின் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று மறுபடி மறுபடி கேட்கிறேன். ஒரே மெயிலில் எல்லோரையும் அடைக்காதீர்கள்.

எங்கள் மாடியில் இன்னொரு பெண் இருக்கிறாள். 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து ஜனவரியில்தான் திரும்புகிறாள். விடுப்புக்குப் பிறகும் வேலையின் தன்மையைப் பொறுத்து, இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று 2017ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தும்போதே சேர்த்தார்கள். அப்போது கொரோனாவும் இல்லை, ஊரடங்கும் இல்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. நம் கட்டடத்தின் தரைத்தளக் காப்பகம் 2020ல் மூடியது. உள்ளே இப்போது பழைய மானிட்டர்களை அடுக்கிவைத்திருக்கிறீர்கள். அவள் கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டு வருவாள் என்று மெயில் எழுதிய யாராவது யோசித்தீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்து நாள் உத்தரவே ஆட்களைத் தானாக விலக வைப்பதற்குத்தான் என்று கேண்டீனில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையாக இருக்கக் கூடாது என்று விரும்புகிறேன். உண்மையென்றால் நேராகச் சொல்லுங்கள், சேர வேண்டியதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து அனுப்புங்கள். 14 வருடம் உழைத்தவளைப் பஸ்ஸில் அலைக்கழித்துக் களைத்துப் போகவைத்து ராஜினாமா வாங்குவது முறையல்ல.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

கும்பகோணம் தூரம், அங்கே உங்களுக்கு இடமில்லை என்பீர்கள். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் அரசு ஒரு நியோ டைடல் பூங்காவை, அதாவது ஐ.டி. நிறுவனங்களுக்கான சிறிய அலுவலக வளாகத்தை, திறந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் உங்கள் ஊழியர்கள் எத்தனை பேர் என்று நாங்களே பட்டியல் எடுத்துப் பார்த்தோம். முப்பத்தியொரு பேர் இருக்கிறோம். முப்பத்தியொரு நாற்காலி போட்டுக் கொடுத்தால் ஐந்து நாளும் வருகிறோம், ஸ்வைப்பும் செய்கிறோம். சிறிய ஊரிலிருந்தே வேலை வாங்க முடியும் என்பதைத் தென்காசிப் பக்கம் 2011லிருந்து ஸோஹோ மென்பொருள் நிறுவனம் காட்டிவருகிறது.

அதுவும் உடனே முடியாதென்றால் ஏப்ரல் வரையாவது விடுங்கள். அன்று ஆறாவது சேர்ந்த என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாராகிற நேரத்தில் டி.சி. கேட்டு நிற்க முடியாது. அவளை விட்டுவிட்டு ஐந்து நாளும் நான் நாவலூரில் இருந்தால், சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு ராத்திரி திரும்ப வேண்டும். இப்போது புதன் ராத்திரி பஸ் ஏறி வியாழன் விடிகாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எட்டு பத்துக்கு ஸ்கூல் ஆட்டோ. அதற்குள் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவேன். முந்தின மூன்று நாளில் என்ன நடந்தது என்று அவள் சொல்வதும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். ஜனவரி 5க்குப் பிறகு அந்த வியாழக்கிழமையும் கிடையாது.

ஆகவே தயவுசெய்து, டீம்வாரியாக வேலையைப் பார்த்து நாட்களை முடிவு செய்யுங்கள். எழுத்தில் அனுமதி கொடுத்து ஊருக்கு அனுப்பியவர்களுக்கு ஏப்ரல் முடியும் வரை அவகாசம் கொடுங்கள். தஞ்சாவூர் யோசனையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் பட்டியலோடு வருகிறேன். பதில் அனுப்ப முடிகிற ஒரு முகவரியிலிருந்து, டிசம்பர் 20க்குள் எழுதினால் நல்லது. பொங்கல் நெருக்கத்தில் பஸ் டிக்கெட் கிடைக்காது.

இப்படிக்கு,
2021 ஜூலையில் நீங்கள் அனுமதி கொடுத்து அனுப்பிய ஊழியர்களில் ஒருத்தி,
கும்பகோணம்