மெரினோ ஸ்வெட்டரை மெஷினில் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைப்பின்னல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், ஆர்கானிக் மெரினோ (மெரினோ செம்மறியாட்டின் மென்கம்பளி) நூலில் பின்னியதை வாஷிங் மெஷினிலேயே துவைக்கலாம் என்று இருந்தது. அதை நம்பிப் போட்டால், பெரியவருக்குப் பின்னியது பேரனுக்குத்தான் ஆகும்.

கம்பளி முடியின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் காரமும் சேர்ந்து, மெஷினும் உலுக்கினால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்துவிடும். பிறகு இழுத்தாலும் விரியாது. மெஷினில் துவைப்பதற்கென்றே விற்கும் ‘சூப்பர்வாஷ்’ நூலில் பெரும்பாலும் குளோரினால் இந்தச் செதில்களை அரித்துவிட்டு, மேலே பாலிமர் பூசுகிறார்கள். ஆர்கானிக் துணிகளுக்கான ஜி.ஓ.டி.எஸ். தரச்சான்று அந்தக் குளோரின் முறையை அனுமதிப்பதில்லை. குளோரின் இல்லாத மாற்று முறைகளும் இருக்கின்றன. அப்படிச் செய்த நூலென்றால் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். போடவில்லையென்றால் கையால்தான் துவைக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் இரண்டு நூல் முனைகளின் புரியைப் பிரித்து, இரண்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தண்ணீர் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் சூடேறும்வரை உருட்டித் தேயுங்கள். ஒரே நூலாக ஒட்டிக்கொண்டால் செதில் அப்படியே இருக்கிறது, மெஷின் கூடாது. பின்னும்போது புது உருண்டையை முடிச்சில்லாமல் சேர்ப்பதும் இப்படித்தான். ‘உல்லன்’ என்று நம் கடைகளில் கிடைக்கும் உருண்டைகளில் பல வெறும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டாது.

துவைப்பதற்கு 30 டிகிரிக்கு மேற்படாத நீரும் கம்பளிக்கான காரமில்லாத திரவ சோப்பும் போதும். கால் மணி நேரம் ஊறவிட்டு, கசக்காமல் அமுக்கி எடுத்து, அதே சூடுள்ள நீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கப் போட்டு உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்திலேயே நீண்டுவிடும். சாதாரண சோப்புத்தூளில் புரதக்கறை நீக்கும் என்சைம் இருக்கலாம். கம்பளியும் புரதம்தான்!

ஸ்வெட்டரின் அளவைக் கணக்கிட முதலில் மாதிரித் துண்டு பின்னுகிறவர்கள்கூட அதைத் துவைக்காமல் அளக்கிறார்கள். குறைந்தது 15 செ.மீ. சதுரம் பின்னி, துவைத்து, உலர்ந்த பிறகு நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். 22 கண்ணி என்று கணக்கிட்டு 100 செ.மீ. மார்புச் சுற்றுக்கு 220 கண்ணி ஏற்றியிருப்பீர்கள். துவைத்ததும் அது 20 ஆகத் தளர்ந்தால் ஸ்வெட்டர் 110 செ.மீ. ஆகிவிடும்.

கட்டுரையாளர் ஆர்கானிக் சான்றையும் ஆட்டின் நலனுக்கான சான்றையும் ஒன்றாக்கிவிட்டார். ஈப்புழு பற்றாமலிருக்க, மெரினோ குட்டிகளின் வால்பக்கத் தோலை அறுத்தெடுப்பதற்கு மியூல்சிங் என்று பெயர். நியூசிலாந்து 2018 அக்டோபரில் இதைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் நடக்கிறது. ஆட்டின் நலனைப் பார்க்கும் ஆர்.டபிள்யூ.எஸ். (ரெஸ்பான்சிபிள் வுல் ஸ்டாண்டர்ட்) சான்று மியூல்சிங்கை அனுமதிப்பதில்லை. ஆனால் அந்தச் சான்றுள்ள கம்பளி ஆர்கானிக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. ஜி.ஓ.டி.எஸ். லேபிளில் ‘ஆர்கானிக்’ என்றிருந்தால் குறைந்தது 95 சதவீத இழை ஆர்கானிக். ‘மேட் வித் ஆர்கானிக்’ என்றால் 70 சதவீதம் போதும். சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். இணையதளத்தில் சரிபார்க்கலாம். ‘நேச்சுரல்’, ‘ஈகோ’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கைப்பின்னல் வாசகி,
குன்னூர்.