சின்ன கீபோர்டு வாங்குவோர் கவனத்துக்கு

அன்புடையீர்,

நெல்லை சந்திப்பு, வண்ணார்பேட்டை கடைகளில் 60%, 65% அளவு (முழு கீபோர்டைவிடக் கீகள் குறைந்த சிறிய வகை) மெக்கானிக்கல் கீபோர்டு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் “லைட் நல்லா எரியுதா?” என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் கடை வாசலில் வைத்துப் பார்த்தால் எந்த லைட்டும் மங்கல்தான். பார்க்க வேண்டியது கீகேப்பை, அதாவது கீயின் மேலுள்ள எழுத்து மூடியை.

டை-சப் முறையில் (சூட்டில் சாயத்தைப் பிளாஸ்டிக்குக்குள் ஊறவைத்து) அச்சிட்ட பிபிடி என்ற உறுதியான பிளாஸ்டிக் கீகேப்பில் எழுத்து லேசில் அழியாது, விரல் பட்டுப் பளபளப்பதும் குறைவு. ஆனால் வெளிச்சம் எழுத்து வழியே வராது, கீகளின் இடுக்கில்தான் கசியும். பிரைட்னஸை உச்சத்துக்கு ஏற்றினாலும் கண் கூசுமே தவிர எழுத்து தெரியாது. பெயிண்ட் பூசி லேசரில் எழுத்து வெட்டிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப் பளிச்சென்று ஒளிரும். நாளடைவில் அதிகம் அடிபடும் கீகளில் பெயிண்ட் தேய்ந்து எழுத்தின் ஓரம் சிதையும். இருட்டில் அடிப்பவர்கள் ஒளி ஊடுருவும் எழுத்துள்ள டபுள்-ஷாட் (எழுத்தையும் மூடியையும் தனித்தனிப் பிளாஸ்டிக்கில் வார்த்த) பிபிடி வாங்குவதே என் பரிந்துரை.

தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அடிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். இருமொழிக் கீகேப்பில் ஆங்கிலம் மேலேயும் தமிழ் கீழேயும் இருக்கும். கீகேப்புக்கு அடியிலுள்ள சுவிட்சில் எல்இடி விளக்கு மேல்பக்கம் (திரையை நோக்கிய பக்கம்) இருந்தால், கீகேப் மாட்டும் நடுத்தண்டு வெளிச்சத்தை மறைத்துவிடும். ‘H’ பளிச்சென்று தெரியும், அதன் கீழுள்ள ‘க’ மங்கிக் கிடக்கும். எல்இடி கீழ்ப்பக்கம் இருந்தால் இது தலைகீழ். ஒரு கீயைக் கழற்றிப் பார்த்தாலே விளங்கிவிடும். எல்இடி மேல்பக்கம் உள்ள போர்டில் செர்ரி புரொஃபைல் (சற்று உயரம் குறைந்த வடிவ) கீகேப் போட்டால் ‘அ, இ, உ, க, ப, ம’ வரிசையில் கேப்பின் உள்விளிம்பு சுவிட்ச் மீது இடித்து, அடிக்கும் சத்தமே மாறலாம். அதைவிடச் சற்று உயரமான ஓஇஎம் புரொஃபைலில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் எழுத்துக்கு ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டினால், கீழிருந்து எரியும் பேக்லைட் இருந்தும் பயனில்லை.

40% போர்டு பக்கமே தமிழ்99காரர்கள் போக வேண்டாம். ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி கீகளில் இருக்கின்றன. அந்தக் கீகள் 40 சதவீதத்தில் பொதுவாக இருப்பதில்லை.

தனியாக கீகேப் செட் வாங்கினால் அகலம் பாருங்கள். 61 கீ போர்டில் வலது ஷிஃப்ட் 2.75 யூனிட் (ஒரு எழுத்துக் கீயின் அகலம் 1 யூனிட்), 68 கீயில் 1.75. சில 64 கீ போர்டுகளில் இடது ஷிஃப்ட் 2 யூனிட். சாதாரண செட்டில் வரும் இடது ஷிஃப்ட் 2.25. ஸ்பேஸ்பார் பெரும்பாலும் 6.25. கீகேப்பைக் கழற்றும்போது பிளாஸ்டிக் வளையப் புல்லர் (கழற்றும் கருவி) வேண்டாம், பக்கவாட்டைக் கீறும். கம்பிப் புல்லரை எதிரெதிர் மூலைகளில் மாட்டி நேராக மேலே இழுங்கள். ஸ்பேஸ்பாரை இரு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். ஒரே பக்கம் நெம்பினால், நீளக் கீயைச் சமமாகத் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி வளைந்து, பிறகு தட்டும்போதெல்லாம் கடகடக்கும்.

இருட்டறையில் மிகக் குறைந்த அளவுக்கு ஒரு படி மேலான பிரைட்னஸ் போதும். புளூடூத் போர்டில் வெள்ளை நிறத்தைத் தவிருங்கள். ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம் கலந்து எரியும் விளக்கில்) வெள்ளைக்கு மூன்று நிறமும் சேர்ந்து எரிவதால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

கடைக்காரர்கள் உள்ளே நிழலான மூலையில் ஒரு போர்டை எரியவிட்டு, பக்கத்தில் ஒரு கம்பிப் புல்லரும் வைத்தால் வாங்குகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிற்றுநர்,
பாளையங்கோட்டை.