லாரி கன்னிங்காமை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்

கால்பந்து பற்றித் தமிழில் எழுதுகிற, பேசுகிற, பட்டியல் போடுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் இருந்து ரியல் மாட்ரிடுக்குப் போனவர்கள் என்று பேச்சு வந்தால் மெக்மனமன், பெக்காம், ஓவன், பெல்லிங்காம் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. 1979-ல் அங்கே போன விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடுகிற தாக்குதல்காரர், லாரி கன்னிங்காமின் பெயர் பாதி நேரம் வருவதே இல்லை. வந்தாலும் 'வீணாய்ப் போன திறமை' என்ற தலைப்புக்குக் கீழேதான் வருகிறது. ஐந்து வருஷத்தில் லீகில் 44 ஆட்டம், 13 கோல், காயம், டிஸ்கோ, அப்புறம் ஒரு கார் விபத்து, கதை முடிந்தது என்று நான்கு வரியில் ஆளை முடித்துவிடுகிறீர்கள். அந்தப் பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்தது 1956-ல், வடக்கு லண்டனில். பெற்றோர் ஜமைக்காவில் இருந்து வந்தவர்கள், அப்பா அங்கே குதிரைப் பந்தயத்தில் ஜாக்கியாக இருந்தவர். பையனைச் சிறுவயதில் ஆர்சனல் சேர்த்துக்கொண்டது, பிறகு வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. 1974-ல் கிழக்கு லண்டனின் சின்ன கிளப்பான ஓரியன்ட் எடுத்துக்கொண்டது. அங்கே மேனேஜராக இருந்த ஜார்ஜ் பெட்சிக்கு இந்தப் பையனிடம் ஒரே தலைவலி, பயிற்சிக்கு நேரத்துக்கு வரமாட்டான். அபராதம் போட்டால், லண்டன் கிளப்புகளில் நடனப் போட்டியில் ஜெயித்த காசைக் கொண்டுவந்து கட்டுவான் என்று கூட ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த நடனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாட்ரிடில் அவரை அடிக்க எடுத்த கம்பு இதுதான்.

ஏனென்றால் அவருடைய ஆட்டமே நடனத்தில் இருந்து வந்ததுதான் என்று நான் நம்புகிறேன். பழைய பதிவுகளில் பாருங்கள், ஓரத்தைக் காக்கிற தடுப்பாட்டக்காரர் (ஃபுல் பேக்) பக்கத்தில் வரும்வரை பந்தை அவசரப்படுத்தவே மாட்டார், முதுகு நேராக, தலை நிமிர்ந்து, ஏதோ நடந்து போகிறவர் மாதிரி இருப்பார், திடீரென்று இடுப்பு ஒரு பக்கம் போகும், பந்து மறுபக்கம் போகும், அவர் மூன்றாவதாக வேறு எங்கோ இருப்பார். காலில் புல் ஒட்டுகிறதா என்றே சந்தேகம் வரும். அன்றைய இங்கிலாந்து மைதானங்கள் எப்படி இருந்தன தெரியுமல்லவா, டிசம்பர் வந்தால் பாதிக்குப் பாதி சேறு. அந்தச் சேற்றில் இப்படி ஓடினார்.

1977 மார்ச்சில் வெஸ்ட் பிராம் (வெஸ்ட் பிராமிச் கிளப்) 1,10,000 பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த மாதமே இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆடினார், ஒரே கோல், அதுவும் அவருடையது. அந்த அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். வெஸ்ட் பிராமில் சிரில் ரெஜிஸும், 1978-ல் பிரெண்டன் பேட்சனும் சேர, ஒரே அணியில் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள். இன்றைக்கு இது ஒரு செய்தியே இல்லை. அன்றைக்கு நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சியின் ஆட்கள் மைதான வாசலில் துண்டுப்பிரசுரம் விற்றுக்கொண்டிருந்த காலம், வாழைப்பழம் வீசுவார்கள், பந்து இவர்கள் காலுக்கு வந்தாலே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஊளையிடுவார்கள்.

1978 டிசம்பர் 30, ஓல்ட் டிராஃபோர்டு. மான்செஸ்டர் யுனைடெட் 3, வெஸ்ட் பிராம் 5. ஒரு காரியம் செய்யுங்கள், இந்த ஆட்டத்தின் பதிவைச் சத்தத்தோடு பாருங்கள். கன்னிங்காம் காலில் பந்து வரும்போதெல்லாம் அந்த ஊளை கேட்கும், வர்ணனை செய்தவரே அதைப் பொறுக்க முடியாமல் வாய்விட்டுச் சொல்லும் அளவுக்குக் கேட்கும். இடைவேளையில் 3-3. இரண்டாம் பாதியில் நான்காவது கோல் கன்னிங்காம் அடித்தது, ஐந்தாவது ரெஜிஸ். இந்த ஊளைக்கு நடுவில்தான் ஒரு 22 வயதுப் பையன் நாட்டிலேயே மிகப் பெரிய கிளப்பின் சொந்த மைதானத்தில் இப்படி ஆடினான் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. 'மனோதிடம் இல்லாதவர்' என்று அவரைப் பற்றி நம்மில் யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் அப்படி எழுத முடியுமா?

அந்தச் சீசனில் வெஸ்ட் பிராம் மூன்றாம் இடம். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஃபா கோப்பையில் ஸ்பெயினின் வாலென்சியாவுக்குப் போய், உலகக் கோப்பை நாயகன் கெம்பெஸ் ஆடிய அணிக்கு எதிராக, கன்னிங்காம் ஆடிய ஆட்டத்தை ஸ்பெயினே பார்த்தது, கோலும் அடித்தார். 1979 கோடையில் ரியல் மாட்ரிட் 9,50,000 பவுண்டு கொடுத்தது. பிரிட்டனில் இருந்து அவர்கள் விலைகொடுத்து வாங்கிய முதல் ஆட்டக்காரர். முதல் லீக் ஆட்டத்திலேயே, அதே வாலென்சியாவுக்கு எதிராக, இரண்டு கோல். அந்த வருஷம் ரியல் லீகையும் ஜெயித்தது, ஸ்பெயினின் நாக்-அவுட் கோப்பையான கோபா டெல் ரேயையும் ஜெயித்தது. முதல் வருஷமே இரட்டைக் கிரீடம். 'காசுக்கு ஆகாத ஆள்' என்று சொல்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, 1980 பிப்ரவரி 10-க்கு வருகிறேன். பார்சிலோனாவின் மைதானமான நவ் காம்ப். பார்சிலோனாவுக்கு ஆடிய மரடோனாவுக்கும் ரொனால்டினோவுக்கும் ரியலின் மைதானமான பெர்னாபியூவில் மாட்ரிட் ரசிகர்கள் எழுந்து கைதட்டிய கதை நமக்கெல்லாம் மனப்பாடம், வருஷத்துக்கு நாலு தடவை சொல்கிறோம். அவர்களுக்கு முன்னால், எதிர்த்திசையில், மாட்ரிடின் வெள்ளைச் சட்டை போட்டவருக்கு பார்சிலோனா ரசிகர்கள் தங்கள் சொந்த மைதானத்தில் கைதட்டினார்கள். கட்டலோனியாவை ஒடுக்கிய சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது, அந்தச் சட்டை மேல் பார்சிலோனா இருக்கிற கட்டலோனியாவில் இருந்த வெறுப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரியல் 2-0 என்று ஜெயித்தது. கன்னிங்காம் ஓரத்தில் தடுப்பாட்டக்காரர்களைத் திருப்பித் திருப்பி அலையவிட்டார். கார்னர் அடிக்கப் போனால் காலின் வெளிப்புறத்தால் அடிப்பார், பந்து எந்தப் பக்கம் வளையும் என்று பார்ப்பவர்களுக்கே தெரியாது. ஓல்ட் டிராஃபோர்டில் கேட்ட ஊளைக்கும் இந்தக் கைதட்டலுக்கும் நடுவில் பதினாலு மாதம்கூட ஆகவில்லை.

இப்போது காயத்துக்கு வருவோம், உங்களோடு எனக்குச் சண்டையே இங்கேதான். 1980 நவம்பரில் பெட்டிஸ் அணியோடு ஆடும்போது கால் பெருவிரல் முறிந்தது. ஒரு விரல்தானே என்று தோன்றலாம். விங்கருக்குப் பெருவிரல் என்ன என்று ஓரத்தில் ஆடிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். நின்ற இடத்தில் இருந்து முதல் எட்டை உந்துவது அதில்தான், சட்டென்று நிற்பதும் திரும்புவதும் அதில்தான், அவரைப் போலக் காலின் விளிம்பால் பந்தைத் தடவி ஆடுகிறவருக்குக் கேட்கவே வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு இருக்கும்போது இரவு டிஸ்கோவில் பார்த்தார்கள் என்று செய்தி வந்தது, கிளப் அபராதம் போட்டது, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. நாற்பது வருஷம் கழித்து நாமும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த இரவு அவர் போயிருக்க வேண்டாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 24 வயது, மொழி இப்போதுதான் படிகிற ஊர், சின்ன வயதில் இருந்து மனது சரியில்லை என்றால் பாட்டு இருக்கும் இடத்துக்குப் போய்ப் பழகிய ஆள். எலும்பு முறிந்தது மைதானத்தில், டிஸ்கோவில் இல்லை.

அந்தக் காலத்து ஸ்பெயின் லீகையும் மறக்காதீர்கள். பில்பாவோவின் தடுப்பாட்டக்காரர் கோய்கோட்செயா பார்சிலோனாவின் ஷூஸ்டரின் முழங்காலை முடித்தது 1981-ல், மரடோனாவின் கணுக்காலை உடைத்தது 1983-ல், எல்லாம் அதே வருஷங்கள். பின்னால் இருந்து காலை வெட்டினால் நேராகச் சிவப்பு அட்டை என்று ஃபிஃபா கறாராகச் சொன்னது 1998 உலகக் கோப்பைக்குத்தான். பார்சிலோனாவில் மரடோனா இரண்டே வருஷம், பாதி நேரம் காயம், லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. அவரை 'வீணாய்ப் போனவர்' பட்டியலில் யாராவது போடுகிறோமா? மாட்டோம், அவருக்கு அப்புறம் இத்தாலியின் நாப்போலி கிளப் இருந்தது, அங்கே பெயர் வாங்கினார். கன்னிங்காமுக்கு நாப்போலி கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1981 மே 27, பாரிஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், லிவர்பூலுக்கு எதிராக. மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தவரை மேனேஜர் போஷ்கோவ் நேராக அதில் இறக்கினார். ரியல் 1-0 என்று தோற்றது. கால் சரியாகாதவனை இறக்கிவிட்டு, அந்த ஒரு ஆட்டத்தை வைத்தே அவனை எடைபோடுவது என்ன நியாயம்? அப்புறம் முழங்கால் காயம், அதற்கும் ஒரு அறுவை சிகிச்சை, ஒரு வருஷம் போனது.

இங்கிலாந்து அணி அவருக்குக் கொடுத்தது மொத்தம் ஆறு ஆட்டம். ஆறே ஆறு. 1979 மேயில் வேல்ஸோடு தொடங்கி 1980 அக்டோபரில் ருமேனியாவோடு முடிந்தது, அப்போது அவருக்கு இன்னும் விரல்கூட முறியவில்லை. இன்று பெல்லிங்காம் மாட்ரிடில் ஆடுவதை வாரா வாரம் நம் வீட்டில் இருந்தே பார்க்கிறோம். அன்று ஸ்பெயினில் ஒருவன் என்ன செய்கிறான் என்பது லண்டனில் தெரியவே தெரியாது. வெளிநாட்டுக்குப் போனவனைத் தேர்வாளர்கள் மறந்தார்கள் என்பதுதான் என் எண்ணம், வீணாக்கியது யார் என்று கேட்டால் அவர்களைத்தான் முதலில் கைகாட்டுவேன்.

1983-ல் பழைய மேனேஜர் ரான் அட்கின்சன் அவரை லோனில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு அழைத்தார். இங்கிலாந்து கிளப்புகளின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இடம் தருகிறேன் என்றபோது, என் கால் முழு ஆட்டமும் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, வேறு ஒருவரை எடுங்கள் என்று கன்னிங்காமே சொல்லிவிட்டதாக அட்கின்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வெம்ப்லியில் இறுதி ஆட்டம், தானே வேண்டாம் என்கிறார். பொறுப்பில்லாதவர் என்று சொல்கிறீர்களே, இதற்கு என்ன பெயர்?

பிறகு கிஹோன், மார்செய், லெஸ்டர், ராயோ வாயேகானோ, பெல்ஜியத்தில் ஷார்லெருவா என்று ஊர் ஊராகப் போனார். 1988-ல் விம்பிள்டன் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்ததே, அந்த ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் மாற்று ஆளாக இறங்கியவர் இவர்தான். அதற்குப் பிறகு திரும்பவும் ராயோ, மாட்ரிடின் உழைக்கும் மக்கள் பேட்டையில் இருக்கிற கிளப், இரண்டாம் டிவிஷன். 1989-ல் அவர்களை முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்ட கோலை அடித்தது அவர். சில வாரம்தான், ஜூலை 15 காலையில் மாட்ரிடுக்கு வெளியே நெடுஞ்சாலையில் கார் விபத்து. வயது 33.

லண்டன் லேட்டனில், ஓரியன்ட் மைதானத்துக்குப் பக்கத்துப் பூங்காவில், 2017-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2019 மேயில் வெஸ்ட் பிராமிச்சில் ரெஜிஸ், பேட்சன், கன்னிங்காம் மூவரும் கோல் அடித்துக் கொண்டாடுவது போல இன்னொரு சிலை திறந்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால் ரெஜிஸும் போய்விட்டார், அன்றைக்கு மூவரில் பேட்சன் மட்டும்தான் உயிரோடு இருந்தார்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது அவரை எத்தனையாவது இடத்தில் வேண்டுமானாலும் வையுங்கள், பெக்காமுக்குக் கீழே, பெல்லிங்காமுக்குக் கீழே, அதெல்லாம் உங்கள் விருப்பம். அந்தத் தலைப்பை மட்டும் அவர் பெயருக்கு மேல் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்