கப்பல் சுற்றுலா: விளம்பர விலையும் வீட்டுக் கணக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் மேசைக்கு வரும் முதற் கேள்வி, "நாலு பேருக்கு எந்தக் கப்பல் மலிவு?" என்பதுதான். விளம்பரத்தில் உள்ள விலையை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒரு கம்பனி 450 அமெரிக்க டொலர் என்று போடும், இன்னொன்று 600 என்று போடும். இரண்டும் ஒரே பொருளின் விலை அல்ல. ஒப்பிட வேண்டிய எண், எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு தலைக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்பது. அதைப் போட்டுப் பார்க்கும் முறையையும், அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் இந்த மடலில் எழுதுகிறோம்.

விளம்பரத்தில் வரும் தொகை, ஜன்னல் இல்லாத உள் கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கான கட்டணம். துறைமுக வரியும் டிப்ஸும் பெரும்பாலும் அதற்கு வெளியே. வரி எல்லாத் தலைக்கும் உண்டு, கைக்குழந்தைக்கும்தான். "பிள்ளைகளுக்கு இலவசம்" என்று போட்டிருந்தாலும் வரி கட்டத்தான் வேண்டும். டிப்ஸைக் கம்பனிகள் நாட்கணக்கில் கப்பல் கணக்கோடு சேர்த்துவிடுகின்றன. ராயல் கரீபியன் என்ற கம்பனியில் சாதாரண கேபினுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18.50 டொலர், பிள்ளைக்கும் அதே தொகை. நால்வர், 4 இரவு என்றால் டிப்ஸ் மட்டும் 296 டொலர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டண எண்கள் உதாரணத்துக்காக நாங்கள் எடுத்தவை, முறைதான் முக்கியம். கப்பல் 'அ': பெரியவர் இருவருக்குத் தலா 450, அதே கேபினின் மூன்றாம் நான்காம் படுக்கையில் பிள்ளைகளுக்குத் தலா 250, மொத்தம் 1,400. வரி தலைக்கு 120 வீதம் 480. டிப்ஸ் 296. இரண்டு ஃபோனுக்கு இணையம் 160. பிள்ளைகளின் சோடா பக்கேஜ் 120. ஆக 2,456 டொலர். நால்வர், 4 இரவு என்பதால் 16 ஆல் பிரித்தால் தலைக்கு ஓர் இரவு ஏறத்தாழ 154. கப்பல் 'ஆ': பெரியவருக்கு 600, பிள்ளைக்கு 550, மொத்தம் 2,300. வரி 400, டிப்ஸ் 256, இணையம் 160, சோடா இலவசம். ஆக 3,116, தலைக்கு ஓர் இரவு 195. விளம்பரத்தில் தெரிந்த வித்தியாசம் தலைக்கு 150 டொலர்தான். உங்கள் வீட்டுக்கு விழும் வித்தியாசம் 660. காரணம், பிள்ளைகளின் படுக்கைக்கு 'ஆ' பெரிதாகக் கழிவு தரவில்லை. அதனால் இரு பெரியவர், இரு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதலில் கேட்க வேண்டியது மூன்றாம் படுக்கையின் விலையை.

கொழும்பிலிருந்து போகும் எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் ஏறும் கப்பல் என்றால், அங்கே இருப்பவர் பஸ்ஸில் போய் ஏறுவார். நாங்கள் கட்டுநாயக்கவிலிருந்து நால்வருக்கு விமான டிக்கெட் எடுத்து, முதல்நாள் இரவு ஹோட்டலில் தங்கி, டாக்சி பிடித்துப் போக வேண்டும். அந்தச் செலவு 3 இரவுப் பயணத்துக்கும் 5 இரவுப் பயணத்துக்கும் ஒன்றே. அது 1,600 டொலர் என்று வைத்தால், 3 இரவுக்குப் பிரிக்கும்போது இரவுக்கு 533 விழும். 5 இரவுக்கு 320தான். மலிவென்று 3 இரவுக் கப்பலைத் தேடுபவர்களுக்கு நாங்கள் 5 இரவுக் கப்பலைக் காட்டுவது இதனால்தான்.

இனி, எந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்பது. பிள்ளையின் வயதை வைத்துத்தான் இதைச் சொல்லலாம்.

டிஸ்னி கப்பல்கள் விலை கூடியவை. இரண்டு வயது தொடக்கம் எட்டு ஒன்பது வயது வரை பிள்ளைகள் இருந்தால் அந்தக் கூடுதலுக்கு நியாயம் உண்டு. சோடா விலைக்குள் அடங்கும். உணவகத்தை ஒவ்வோர் இரவும் மாற்றுவார்கள், பரிமாறுபவர்கள் உங்களோடேயே வருவார்கள். இரண்டாம் இரவே உங்கள் மகளுக்கு உறைப்பு ஆகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ள நர்சரி இருக்கிறது, அதற்கு மணிக்கணக்கில் கட்டணம். சிங்கப்பூருக்கு ஒதுக்கிய டிஸ்னி அட்வென்ச்சர் 3, 4 இரவுப் பயணமாக, வேறு துறைமுகம் எதிலும் நிற்காமல் கடலில் சுற்றித் திரும்பும் கப்பல். ஊர் பார்க்க ஆசைப்படும் அப்பப்பா அம்மம்மாவுக்கு அது ஏமாற்றமாகும், பிள்ளைகளுக்கு ஆகாது. அதன் முதற்பயணம் 2025 டிசம்பரில் இருந்து 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. புதிய கப்பல்களில் இது நடக்கும் காரியம். எனவே புதுக் கப்பலின் முதல் மாதங்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாத விமான டிக்கெட்டை எடுக்க வேண்டாம்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ராயல் கரீபியன்தான் கூடுதல் பெறுமதி. அவர்களின் பெரிய கப்பல்களில் செயற்கை அலையில் சறுக்கலாம், பாறை ஏறலாம். சிறுவர் கழகம் மூன்று வயதிலிருந்து, பம்பர்ஸ் போடாத பிள்ளைகளுக்கு, இரவு 10 மணி வரை இலவசம். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் காசு. தேநீர், கோப்பி, தண்ணீர் இலவசம், சோடா இல்லை. 12 வயதுக்குட்பட்ட மூன்றாம் ஆளுக்குக் கட்டணம் இல்லை என்ற சலுகை சில பயணங்களுக்கு வரும், பெருநாள் திகதிகளை அதில் விலக்கிவிடுவார்கள். இத்தாலியரின் எம்எஸ்சி கப்பல்களிலும் பல பயணங்களில் பெற்றோரின் கேபினில் தங்கும் பிள்ளைகளுக்கு வரி மட்டும் வாங்குகிறார்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மொத்தத் தொகையில் இதை வெல்வது கடினம்.

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட கென்டிங் ட்ரீம் கப்பலில் இந்தியச் சைவச் சாப்பாடும் ஹலால் உணவும் தனியாக ஒழுங்கு செய்திருக்கிறார்கள். வயதானவர்களோடு போகும் வீட்டுக்கு இது சின்ன விடயமல்ல. மற்றக் கப்பல்களிலும் சைவம் கிடைக்கும், பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தால் முதல் இரவே கிடைக்கும். கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் இரண்டாம் இரவுதான் ஒழுங்காக வரும். கோர்டேலியா என்ற இந்தியக் கம்பனியின் எம்ப்ரஸ் 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்த கப்பல். 1990இல் கட்டப்பட்ட, அளவில் சிறிய கப்பல். அதில் நீர்ச்சறுக்கையும் பெரிய அரங்கையும் எதிர்பார்த்து ஏறினால் மனம் நொந்து இறங்குவீர்கள்.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், நீண்ட கடல் தாண்டும் பயணங்களுக்கு ஒரு வயது. பயணம் முடிவதற்குள் 24ஆம் வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள். பம்பர்ஸ் போடும் குழந்தையைப் பொது நீச்சல் தடாகத்தில் இறக்கவும் விடமாட்டார்கள். நீச்சலுக்கென்று விற்கும் பம்பர்ஸும் செல்லாது. குழந்தைகளுக்கான தனித் தண்ணீர் விளையாட்டிடம் அந்தக் கப்பலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

கேபினில் நால்வர் என்றால் இரண்டு படுக்கை கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும். பகலில் மடித்துவிட்டால் நடக்க இடம் வரும், இரவில் ஏணி வழியை மறிக்கும். குளியலறை ஒன்றுதான். இடைக்கதவு உள்ள இரண்டு உள் கேபின்கள், பல்கனி உள்ள ஒரு கேபினின் விலைக்குக் கிட்டத்தான் வரும் சில பயணங்களில். மூன்றாம் படுக்கைக் கழிவு போய்விடும், ஆனால் இரண்டு குளியலறை கிடைக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நாங்கள் இதைத்தான் சொல்கிறோம். இடைக்கதவுக் கேபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சமே இருக்கும், முதலில் தீர்வதும் அவைதான். "கேபினில் படுக்கை இருக்கிறது, ஏன் நாலாவது ஆளை ஏற்றவில்லை?" என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகில் இடம் நிரம்பினால் படுக்கை காலியாக இருந்தாலும் விற்க மாட்டார்கள். கடைசி மாதத்தில் பதிபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். தலைசுற்றும், சத்தி வரும் என்பவர்களுக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம். முன்பகுதியும் மேல்தளமும் கூடுதலாக ஆடும்.

துறைமுகமும் செலவைத் தீர்மானிக்கும். மலேசியாவின் பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுன் மேடையிலேயே கட்டும். இறங்கி நடந்தால் குட்டி இந்தியாவும் குயின் வீதி மாரியம்மன் கோயிலும் வரும், கப்பல் விற்கும் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. தாய்லாந்தின் புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடலில் நங்கூரமிடும், சிறு படகில்தான் கரை போக வேண்டும். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக் காற்றில் அந்தப் படகு ஆடும். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் கப்பலிலேயே தங்கிவிடுவார்கள், காற்றுக் கூடினால் அந்த நிறுத்தமே ரத்தாகும். வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கலாம், கட்டணம் கிடைக்காது.

திகதி விடயத்தில் எங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை மார்ச்சில் ஒரு வாரம், ஜூன் முழுவதும், செப்டம்பரில் ஒரு வாரம், பிறகு நவம்பர் கடைசியும் டிசம்பரும். எங்கள் ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறைகள் அதற்குள் வரவில்லை. பெரிய வெள்ளி, ஆகஸ்ட் 9 தேசிய தினம் ஆகியவற்றை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால் விலை இறங்கும். ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்கள் நிறைப்பதால் ஆகஸ்டே மேல். டிசம்பரில்தான் போவோம் என்றால் மலிவு கேட்காதீர்கள். அந்த மாதத்தில் தென்சீனக் கடலும் கரடு.

விசாவில் ஒரு தவறு முழுப் பணத்தையும் விழுங்கும். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை, ஆனால் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் போலி. தாய்லாந்து 2024 ஜூலையில் எங்களையும் விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவுக்கு இ-விசா தேவை, பினாங்கில் நிற்கும் கப்பல் என்றால் அதை முதலில் முடிக்க வேண்டும். டுபாய்க் கப்பல் ஓமானுக்குப் போய்த் திரும்பும், டுபாய்க்கு ஒருமுறை மட்டும் நுழையும் விசா அப்போதே முடிந்துபோகும், திரும்ப நுழைய முடியாது. மத்தியதரைக் கடலில் துருக்கியையோ துனீசியாவையோ தொட்டு வருபவர்களுக்கும் இதே கதை, பலமுறை நுழையும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். அதற்குக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழ் இல்லை. விசா இல்லாதவரைக் கப்பல் மேடையிலேயே நிறுத்துவார்கள், கட்டணமும் திரும்பாது.

பெயரையும் கவனியுங்கள். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக இருக்க, பதிவில் "எஸ்." என்று முதலெழுத்து மட்டும் போட்டால் ஏறும்போது நிறுத்துவார்கள். கடவுச்சீட்டின் கீழே உள்ள இரண்டு வரி எழுத்துகளில் எப்படி இருக்கிறதோ அப்படியே விமான டிக்கெட்டிலும் கப்பல் பதிவிலும் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் பெரிய கப்பல் மேடை இரண்டு இருக்கின்றன: மரீனா பேயும் ஹார்பர்ஃப்ரண்டும். டாக்சிக்காரரிடம் "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் மற்றதற்குக் கொண்டுபோய் விடக்கூடும். டிக்கெட்டில் உள்ள மேடைப் பெயரைக் காட்டுங்கள். சிங்கப்பூர் நேரம் எங்களைவிட இரண்டரை மணி முந்தியது, போகும்போது அந்த நேரத்தை இழக்கிறோம். அதனால் புறப்படும் நாளன்று காலையில் போய் இறங்கும் விமானத்தை நாங்கள் எடுத்துக் கொடுப்பதில்லை.

கட்டும் முறை: முற்பணம் கட்டியபின் மீதியை ராயல் கரீபியன் 4 இரவு வரையான பயணங்களுக்கு 75 நாட்களுக்கு முன்னும், 5 இரவு தொடக்கம் 90 நாட்களுக்கு முன்னும் கேட்கும். மலிவாகத் தெரியும் விலை சிலவேளை முற்பணம் திரும்பாத விலை. பயணக் காப்புறுதியில் கப்பல் பயணம் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள், கப்பல் மருத்துவரின் கட்டணம் வெளிநாட்டுத் தனியார் மருத்துவமனைக் கட்டணம் போன்றது. கடலில் ஃபோனை ஏரோபிளேன் மோட்டில் வையுங்கள், கப்பலின் சொந்த ஃபோன் கோபுரத்தோடு தானாகத் தொடுத்தால் ரோமிங் பில் வரும். ரைஸ் குக்கர், கேத்தல், இஸ்திரிப்பெட்டி, மல்டி பிளக் எதையும் கொண்டுபோக வேண்டாம், பெட்டி ஸ்கானரில் போகும்போதே எடுத்துவிடுவார்கள். வீட்டில் சமைத்ததும் செல்லாது. முத்திரை உடையாத பிஸ்கட்டும் குழந்தை உணவும் செல்லும்.

ஒப்பீட்டுக் கணக்கு வேண்டுமானால் எல்லோரின் கடவுச்சீட்டுப் பக்கம், பிள்ளைகளின் பிறந்த திகதி, போகக்கூடிய இரண்டு கிழமைகள், சைவமா இல்லையா, வயதானவர்களுக்கு நடப்பதில் சிரமம் உண்டா என்பவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மூன்று கப்பல்களுக்கு, வரியும் டிப்ஸும் விமானமும் சேர்த்து, தலைக்கு ஓர் இரவுக் கணக்கோடு ஒரே தாளில் எழுதித் தருவோம்.

அன்புடன்,
உங்கள் பயண முகவர்கள்
வெள்ளவத்தை, கொழும்பு 06